அமெரிக்க வைரமும் அமெரிக்கா தந்த வைரமும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – நிலவியல்)

நம் ஊர்க் கடைவீதியில் நகை வாங்கப் போகிறவர்கள் 'அமெரிக்கன் டைமண்ட்' என்னும் சொல்லைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஏழுகல் தோடானாலும் எட்டுக்கல் பேசரியானாலும் அதில் பதித்திருப்பது 'அமெரிக்கன் டைமண்ட்' என்று கடைக்காரர் சொன்னவுடன் கேட்பவர் முகத்திலும் ஒரு பட்டை தீட்டிய ஒளி வந்துவிடுகிறது. அந்தக் கல் வைரமும் அன்று. அமெரிக்க மண்ணில் விளைந்ததும் அன்று. சிர்கோனியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடை உலையில் உருக்கிப் படிகமாக்கிய செயற்கைக் கல் அது. அதைப் பெருமளவில் உருவாக்கும் முறையை 1970களில் வகுத்துத் தந்தவர்கள் மாஸ்கோவில் இருந்த லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள். அமெரிக்காவும் ருஷ்யாவும் கீரியும் பாம்புமாய் இருந்த நாளில் ருஷ்யர் செய்த கல்லுக்கு அமெரிக்காவின் பெயரைச் சூட்டிவிட்டது கடைவீதி!

திருச்சிராப்பள்ளி வட்டாரத்துச் சிற்றூர்களில் செயற்கைக் கல்லை அறுத்துப் பட்டை தீட்டும் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அவர்கள் கைத்திறனை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. செயற்கைக் கல் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான பண்டமே. என் வழக்கு கல்லோடு அன்று, பெயரோடு.

அப்படியானால் அமெரிக்காவில் உண்மையாகவே வைரம் கிடைக்கிறதா? கிடைக்கிறது. நீலம் கிடைக்கிறது, வேறெங்கும் மணிக்கல் தரத்தில் கிடைக்காத கல் கூடக் கிடைக்கிறது. அந்தக் கற்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாயிற்று. கல்லுக்கு வணிகன் இடும் பெயரும், மதிப்பீட்டாளன் கூறும் விலையும் சான்றாகமாட்டா. அது பிறந்த பாறையைப் போய்ப் பார்த்தவன் சொல்லே சான்று. நம் துறையில் களப்பயணம் எதற்கு, ஆய்வுக்கூடத்து அலமாரியில் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் மாதிரிகள் போதாவா என்று கேட்கும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். பேருந்துச் செலவு மிச்சம் என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1872 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லியில் வைரம் கிடைத்த செய்தி உலகத்தையே கிறுகிறுக்க வைத்திருந்த நேரம். கலிபோர்னியாவின் தங்கத்தாலும் நெவாடாவின் வெள்ளியாலும் கொழுத்திருந்த சான் பிரான்சிஸ்கோ நகரச் செல்வர்கள் அடுத்தது வைரந்தான் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர்களிடம் பிலிப் ஆர்னால்டு, ஜான் ஸ்லாக் என்னும் இருவர் ஒரு பை கற்களோடு வந்து சேர்ந்தனர். இருவரும் கென்டக்கி மாநிலத்தவர், உறவினர். கிடைத்த இடத்தை மட்டும் சொல்ல மறுத்தனர். அவர்கள் மறுக்க மறுக்க, கேட்டவர்களுக்கு ஆசை வளர்ந்தது. நியூயார்க்கில் நகை வணிகத்தின் சிகரம் என்று பெயர் பெற்றிருந்த சார்லஸ் டிஃபனியிடம் கற்கள் காட்டப்பட்டன. ஒன்றரை இலட்சம் டாலர் பெறும் என்று மதிப்பீடு வந்தது. பட்டை தீட்டிய வைரத்தில் கரை கண்டவர்களுக்குப் பட்டை தீட்டாத கல்லில் அவ்வளவு பழக்கம் இல்லை. இதை எவரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. டிஃபனி சொல்லிவிட்டார், பிறகு பேச்சு ஏது?

ஹென்றி ஜானின் என்னும் சுரங்கப் பொறியாளரையும் அந்த இடத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார்கள். மண்ணைக் கீறினால் வைரம், கெம்பு, நீலம். அவரும் நற்சான்று கொடுத்தார். ஒரு கோடி டாலர் மூலதனத்தில் நிறுவனம் ஒன்று எழுந்தது.

இந்த நேரத்தில்தான் கிளாரன்ஸ் கிங் என்னும் நிலவியலாளர் உள்ளே வருகிறார். வயது 30. நாற்பதாம் அட்சரேகையை ஒட்டிய நிலப்பகுதியை அமெரிக்க அரசுக்காக ஆண்டுக்கணக்கில் அளந்து ஆய்ந்து முடித்திருந்தவர். தாம் ஆய்ந்த பகுதியில் தம் கண்ணுக்குத் தப்பிய வைரவயல் இருக்கிறது என்றால் தம் உழைப்பே கேள்விக்குறியாகிவிடும் அல்லவா? அங்கும் இங்குமாகக் கசிந்த குறிப்புகளைக் கோத்து, கொலராடோவின் வடமேற்கு மூலையில் இருந்த அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். உறைபனி தொடங்கிவிட்ட காலம். தம் தோழர்களோடு முழங்காலில் ஊர்ந்து தேடினார். முதல் நாள் அவர்களுக்கும் கற்கள் கிடைத்தன. அவர்களும் மயங்கத்தான் செய்தார்கள்.

அடுத்த நாள் அறிவு விழித்துக்கொண்டது. வைரம் ஒன்று கிடைத்த இடத்திலெல்லாம் கெம்பு ஏறத்தாழ ஒரு டஜன் கிடைத்தது. இயற்கை இப்படிக் கணக்குப் பார்த்துப் பரிமாறுவதில்லை. எறும்புப் புற்றுகளில் கல் இருந்தது. கல் இருந்த புற்றின் பக்கத்தில் குச்சியால் குத்தியதுபோல் சிறு துளையும் இருந்தது. துளை இல்லாத புற்றில் கல்லே இல்லை. ஓடைப் படுகையைத் தோண்டிச் சலித்தார்கள். கனமான கல் அடியில்தான் சேர வேண்டும், ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழாய் வழியே ஏறி வரும் வைரமும், முற்றிலும் வேறு வகைப் பாறையில் விளையும் கெம்பும் நீலமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. இலண்டனில் மலிவாக வாங்கிய கழிவுக் கற்களை அந்த மண்ணில் தூவியிருந்தார்கள் என்பது பின்னர் வெளியாயிற்று.

கிங் நேரே சான் பிரான்சிஸ்கோ சென்று உண்மையைச் சொன்னார். நிறுவனம் கலைந்தது. வங்கிச் செல்வர் வில்லியம் ரால்ஸ்டன் பணம் போட்டவர்களுக்குத் தம் பணத்திலிருந்தே திருப்பிக் கொடுத்தார். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 1879 இல் தோற்றுவிக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் இதே கிங்தான். அவரிடம் நுண்ணோக்கிகூட வேண்டியிருக்கவில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் மேசைமேல் வைத்துப் பார்த்தபோது அந்தக் கற்கள் உண்மை பேசின. அவை உண்மையான கற்களே. பொய் பேசியது அவை கிடந்த இடம். இடத்தைப் பார்த்தவனுக்கே பொய் தெரிந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே கொலராடோ மாநிலத்தில், வயோமிங் எல்லையோரமாக, 1975 இல் மெய்யான வைரம் இருப்பது தெரிந்தது. கெல்சி ஏரி என்னும் இடத்தில் 1996 இல் சுரங்கமும் தொடங்கிச் சில ஆண்டுகளில் நின்றும் போயிற்று.

இல்லாத கல்லை இருப்பதாக நம்பியது ஒரு கதை. இருந்த கல்லைத் தூக்கி எறிந்தது மான்டானா மாநிலத்துக் கதை. 1865 வாக்கில் மிசௌரி ஆற்றங்கரையில் தங்கம் சலித்தவர்களுக்கு நிறம் மங்கிய கூழாங்கற்கள் பெருந்தொல்லையாக இருந்தன. மணலைவிடக் கனமானவை ஆதலால் தங்கத்தோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். பொறுக்கிப் பொறுக்கி எறிய வேண்டும். அவை நீல இனத்துக் கற்கள். அதே மாநிலத்தில் யோகோ என்னும் ஓடையில் 1895 இல் தங்கம் தேடிய ஜேக் ஹூவர் என்பவர், சலிக்கும் பெட்டியில் சேர்ந்த நீலக் கூழாங்கற்களை எறியாமல் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்தார். அந்தப் பெட்டி சென்று சேர்ந்தது டிஃபனி நிறுவனத்தில் மணிக்கல் வல்லுநராக இருந்த ஜார்ஜ் குன்ஸ் கையில். திரும்பி வந்தது 3,750 டாலருக்குக் காசோலை. அந்தப் பருவம் முழுதும் அவர் சலித்த தங்கத்தைவிட இது பன்மடங்கு. (1872 இல் ஏமாந்த அதே கடைதான். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர்களும் நிலவியல் கற்றவரை வேலைக்கு வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.)

ஓடையில் கிடைத்த கல்லின் தாய்ப்பாறையைக் கண்டவர் யார் தெரியுமா? ஜிம் எட்டியன் என்னும் ஆடு மேய்ப்பவர். புல்வெளியில் வளை தோண்டும் பிராணிகளின் பொந்துகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாக இருப்பதை அவர் 1896 இல் கவனித்தார். சுற்றிலும் கெட்டியான சுண்ணாம்புப் பாறை. நடுவே சுவர்போல ஊடுருவியிருந்த எரிமலைப் பாறை உதிர்ந்து மென்மையாகிவிட்டது. பிராணிகளுக்குத் தோண்ட எளிய இடம் அதுதான். ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் அந்தப் பாறைச்சுவரில்தான் யோகோ நீலம் இருக்கிறது. ஆடு மேய்த்தவருக்குப் பட்டம் கிடையாது. ஆனால் நிலத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர்.

யோகோ நீலத்தின் சிறப்பு, சூடேற்றாமலே ஒரே சீரான நீலநிறம். குறை, கற்கள் மிகச் சிறியவை; பட்டை தீட்டினால் ஒரு காரட்டைத் தாண்டுவது அரிது. இலண்டன் நிறுவனம் ஒன்று சுரங்கத்தை வாங்கி 1929 வரை நடத்தியது. அந்தக் கற்கள் ஐரோப்பாவில் பல நேரம் 'கீழைநாட்டு நீலம்' என்ற பெயரில் விலைபோயினவாம்! அமெரிக்கக் கல்லுக்கு நம் திசையின் பெயர். நம் கடையில் ருஷ்யர் செய்த கல்லுக்கு அமெரிக்கப் பெயர். வணிகத்தில் ஊர்ப்பெயர் படும் பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மிசௌரி ஆற்று நீலக்கற்களில் மிகுதியானவை நகைக்குப் போகவில்லை. கைக்கடிகாரத்துச் சக்கரங்களுக்குத் தாங்கியாகப் போயின. பிரான்சு நாட்டு வேதியியலார் வெர்னாய் 1902 இல் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டபின் அந்தச் சந்தையும் போயிற்று. திருச்சியில் நம்மவர் அறுத்த செயற்கைக் கெம்பும் அந்த முறையின் வழிவந்ததே.

பெயரைப் பற்றிப் பேசுகையில் டர்க்காய்ஸ் என்னும் பசுநீலக் கல்லை விடமுடியாது. துருக்கிக் கல் என்பதே அதன் பொருள். பாரசீகத்தில் விளைந்து துருக்கி வழியே ஐரோப்பா போனதால் வந்த பெயர். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சிரியோஸ் குன்றுகளில், ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, பழங்குடி மக்கள் கல் சுத்தியலால் மலையைக் குடைந்து இதை எடுத்தார்கள். சாக்கோ பள்ளத்தாக்கின் பழங்கட்டடங்களில் ஆயிரக்கணக்கான டர்க்காய்ஸ் மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 1890களில் கீழ்க்கரை நகரத்து முதலாளிகள் வந்து அந்தக் குன்றுகளை நவீனச் சுரங்கமாக்கியபோது, அவர்கள் அதைக் 'கண்டுபிடித்ததாக' எழுதப்பட்டது! ஏற்கெனவே குடைந்திருந்த குழிகளைக் கண்டுபிடித்தார்கள் என்றால் சரியாக இருக்கும். பின்னாளில் பழங்குடியினரின் கைவேலைக்கு மதிப்பு ஏறியபோது, எங்கோ செய்த போலி நகையைப் பழங்குடியினர் செய்தது என்று விற்றார்கள். அதைத் தடுக்க 1990 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கொலம்பஸ் அந்த மக்களுக்கு 'இந்தியர்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனதை நினைத்தால், இந்தக் கண்டத்தின் வரலாறே ஒரு தவறான சீட்டு ஒட்டிய கல்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கலிபோர்னியாவில் சான் பெனிட்டோ என்னும் பகுதியில் 1907 இல் நீலக்கல் என்று எண்ணி எடுத்த ஒரு கல், பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜார்ஜ் லௌடர்பேக் சோதித்தபோது உலகம் அறியாத புதிய கனிமம் என்று தெரிந்தது. பேரியமும் டைட்டேனியமும் கொண்ட சிலிகேட். ஊர்ப்பெயரால் பெனிட்டோய்ட் என்றார். 1985 இல் அம்மாநிலத்தின் மணிக்கல்லாகவும் அறிவித்தார்கள். இங்கே மட்டும் பெயரும் மண்ணும் ஒன்றாக இருக்கின்றன. ஏனெனில் பெயர் வைத்தது கடை அன்று, கல்லூரி.

இனி வைரத்துக்கு வருவோம். ஆர்க்கன்சா மாநிலத்தில் மர்ஃப்ரீஸ்பரோ என்று ஒரு சிற்றூர். கேடோ பழங்குடியினரின் பழைய தாயகம். அங்கே எரிமலைக் குழாய்ப் பாறை இருப்பதை ஜான் பிரானர் என்னும் நிலவியலாளர் 1889 அளவிலேயே எழுதியிருந்தார். வைரம் இருக்கக்கூடும் என்று தேடியும் பார்த்தார், கிட்டவில்லை. 1906 இல் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜான் ஹடில்ஸ்டன் என்னும் உழவருக்குத் தம் மண்ணில் இரண்டு பளபளப்பான கற்கள் கிட்டின. அவை குன்ஸிடம் போய் வைரம் என்று உறுதியாயின. நிலத்தை 36,000 டாலருக்கு விற்றார். அந்தச் செல்வம் அவரிடம் நிலைக்கவில்லை. நிலவியலாளன் கண்ணுக்குத் தப்பியது உழவன் கண்ணில் பட்டது என்று நம் துறையைக் கிண்டல் செய்ய நினைப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். இருவரும் அந்த மண்ணில் குனிந்தவர்கள்; அதனால் எனக்கு இருவருமே உறவு.

கம்பெனிகள் வந்தன, போயின. 1919 இல் ஆலைகள் தீக்கிரையாயின. 1924 இல் 40.23 காரட் எடையில் 'அங்கிள் சாம்' என்னும் வைரம் கிடைத்தது. இன்றளவும் அமெரிக்க மண்ணில் கிடைத்த வைரங்களில் மிகப் பெரியது அதுவே. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் எந்தக் கம்பெனியும் அங்கே நிலைத்து இலாபம் பார்க்கவில்லை. 1972 இல் மாநில அரசு ஏழரை இலட்சம் டாலருக்கு அந்த இடத்தை வாங்கிப் பொதுப் பூங்காவாக்கியது.

அதன்பின் அரசு செய்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. ஏறத்தாழ 37 ஏக்கர் வயல். அவ்வப்போது ஏர் பூட்டுவதுபோல் டிராக்டரால் உழுது விடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டு யாரும் இறங்கித் தேடலாம். இயந்திரக் கருவி மட்டும் கூடாது. கிடைத்தது எதுவானாலும், எவ்வளவு விலையானாலும், கண்டெடுத்தவருக்கே சொந்தம். பூங்கா ஊழியர்களே கல்லைச் சோதித்து, எடை போட்டு, எழுதிக் கொடுக்கிறார்கள்; அதற்குக் காசு இல்லை. 1972 முதல் இப்படிப் பொதுமக்கள் எடுத்த வைரங்கள் 35,000 க்கு மேல். 1975 இல் ஒருவருக்கு 16.37 காரட் கல் கிடைத்தது. 1990 இல் ஷெர்லி ஸ்ட்ரான் என்னும் அம்மையார் எடுத்த 3.03 காரட் கல்லைப் பட்டை தீட்டியபோது 1.09 காரட்டில் குறையே இல்லாத வைரமாயிற்று. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடும் சேற்றுக் காலோடும்தான் திரும்புகிறார்கள்.

"வைர வயலை ஊராருக்குத் திறந்து விடுவதா? இது பைத்தியக்கார அரசு" என்று விடுதியில் ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. 1990களில் அங்கே வணிகச் சுரங்கம் கட்டுப்படியாகுமா என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கட்டுப்படியாகாது என்றே முடிவாயிற்று. கம்பெனிக்கு உதவாத வயல் பள்ளிக்கூடமாகப் பயன்படுகிறது. அங்கே வரும் ஒரு குழந்தை ஒரு நாளில் கற்றுக்கொள்வதைப் பாருங்கள்: வைரத்தில் மண் ஒட்டாது, எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பு இருக்கும், மணற்கல்லில் உள்ள குவார்ட்சின் அடர்த்தி எண் 2.65, வைரத்துக்கு 3.5, ஆதலால் சல்லடையைத் தண்ணீரில் அலசினால் வைரம் நடு அடியில் தங்கும். நமக்கு இவை தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் வினா. அந்தக் குழந்தைக்குக் கைப்பழக்கம்.

அமெரிக்காவிலேயே இதற்கு நேர்மாறும் உண்டு. வட கரோலினாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாளி வாளியாக மண் விற்கும் இடங்கள் பல இருக்கின்றன. வாளி ஒவ்வொன்றிலும் கல் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கலந்த கற்களும் அதில் இருக்கும். கலந்ததை ஒளிக்காமல் சொல்லி விற்கும் இடங்களும் உண்டு, குழந்தைகள் மகிழ்கிறார்கள், அது வரையில் குற்றமில்லை. ஆயினும் ஆர்னால்டு எறும்புப் புற்றில் செய்த வேலைக்கும் இதற்கும் ஒரு தூரத்து உறவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எல்லார்க்கும் கல் கிடைக்கும் வாளியைவிட, பெரும்பாலோர்க்கு ஒன்றும் கிடைக்காத அந்த ஆர்க்கன்சா வயலையே நான் மதிக்கிறேன்.

இவ்வளவும் சொன்னபின், "அமெரிக்காவுக்கா களப்பயணம் போகச் சொல்கிறாய்?" என்று யாரேனும் கேட்பார்கள். வேண்டியதில்லை. காங்கேயம் வட்டாரத்துப் படியூரின் பெரில் கற்களைப் பற்றி நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லாத ஆண்டில்லை. அருகே கொடுமணலில் பெரிலும் குவார்ட்சும் மணியாக்கிய பட்டறைகளின் எச்சங்களை அகழ்வாய்வில் கண்டிருக்கிறார்கள். கொங்குநாட்டில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைப்பதற்கு அந்தக் கற்களும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கூறுவர். நம்மில் எத்தனை பேர் அந்தப் பாறையைக் கையால் தொட்டிருக்கிறோம்?

அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு இரண்டு நாள் போதும் என்பது என் கணக்கு. சுத்தியல், கைலென்ஸ், சல்லடை, குறிப்பேடு. நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டே காட்டில் இறங்க வேண்டும். எடுத்த கல் எதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது, எங்கே எந்தப் பாறையில் பார்த்தோம் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். ஐப்பசி மழையில் மண் கரைந்து கற்கள் மேலே தெரியும். ஆகவே கார்த்திகைக் கடைசியில் போனால் நல்லது. துறைத்தலைவர் அவர்கள் நாளைக் குறித்துத் தந்தால், வண்டிக்குப் பணம் பிரிக்கும் வேலையை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.